மூச்சிரைக்காமல் ஓடச் சொன்ன பயிற்சியாளர்

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய சாதாரண மனிதர்களைக் கூட்டமாக ஓட வைத்தவர் என்று நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டைச் சொல்கிறார்களே, ஒலிம்பிக் தங்கங்களை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளருக்கு நடுவயதுக்காரர்களிடம் என்ன வேலை? அவருடைய முறை இன்று புதிதாக ஓட வரும் பெரியவர்களுக்குப் பொருந்துமா?

முதல் பகுதிக்குப் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. லிடியார்ட் 1917-இல் ஆக்லாந்தில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ரக்பி ஆடினார், தான் நல்ல உடல்வாகோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும்போது, ஜாக் டோலன் என்ற உள்ளூர்த் தடகளச் சங்கத் தலைவர் அவரை ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். டோலன் அவரைவிட வயதில் மூத்தவர். அவர் சிரமமே இல்லாமல் ஓடினார். லிடியார்டுக்கு நுரையீரல் எரிந்தது, கால்கள் கெஞ்சின. இந்த வயதிலேயே இப்படி என்றால் நாற்பத்தேழு வயதில் என் கதி என்ன என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேள்வியில் பதக்கமும் இல்லை, சாதனை நேரமும் இல்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்பதுதான் அதன் கவலை. ஒலிம்பிக் வீரர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள். அதனால்தான் பெரியவர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்ததை அவருடைய ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகப் பார்ப்பது தவறு என்பேன். அவர் தொடங்கிய இடமே அதுதான்.

அப்போது ஓட்டப் பயிற்சி என்றால் மைதானத்தில் குறுந்தூரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடுவது. லிடியார்ட் அதை நம்பவில்லை. வேறு யாரையும் வைத்துச் சோதிக்கவும் மனம் வரவில்லை. தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். ஒரு வாரம் மிகக் குறைவாக, ஒரு வாரம் அளவுக்கு மிஞ்சி, சில நாள் வேகமாக, சில நாள் ஆமை வேகத்தில் என்று ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். குடும்பச் செலவுக்காக இரவு நேரத்தில் பால் விநியோகமும் செய்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் கண்டுகொண்டது இது: மூச்சு தட்டாத வேகத்தில் நீண்ட நேரம் ஓடினால் உடம்பு தளராமல் வலுக்கிறது. அந்த அடித்தளம் அமைந்த பிறகு மலைச்சரிவில் ஓட்டம், அதற்குப் பிறகே வேகம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. 1950-இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியின் மாரத்தானில் அவருக்குக் கிடைத்தது 13-ஆம் இடம். 1953-இலும் 1955-இலும் நியூசிலாந்தின் மாரத்தான் வாகையர் அவர்தான்.

அவருக்கு அக்கம்பக்கத்தில் இருந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக அவரோடு ஓட வந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நாடு முழுக்கச் சலித்து ஆள் பிடிக்கவில்லை. ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை சூம்பிப்போன மரே ஹால்பெர்க், பீட்டர் ஸ்னெல், பாரி மேகி எல்லாரும் அவருடைய ஓட்டப்பாதைக்கு வந்து சேர்ந்தவர்கள். ஆக்லாந்துக்கு அருகிலுள்ள வைட்டாக்கரே மலைகளின் மீது ஏறி இறங்கும் 22 மைல் சுற்று ஒன்று உண்டு, ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வையாட்டருவா சுற்று என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் 800 மீட்டர் வீரரும் அதை ஓட வேண்டும், மாரத்தான் வீரரும் ஓட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு பந்தயத்துக்காக ஒருவன் இரண்டரை மணி நேரம் மலையேறி ஓடுவதா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரு மணி நேரம் போவதற்குள் ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். சில நாள் கழித்து, எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்த மாரத்தானில், மேகிக்கு வெண்கலம். கேலி அத்தோடு நின்றது. 1964-இல் டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியது கூடுதல் செய்தி.

பதக்கக் கதையை இத்தோடு விடுகிறேன். உங்கள் கேள்விக்குத் தேவையானது அடுத்து நடந்தது.

ரோமுக்குப் பிறகு லிடியார்டைப் பேச அழைக்காத சங்கம் இல்லை. அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தொந்தி விழுந்த வணிகர்கள், ஓய்வு பெற்றவர்கள். சிலருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தது. அவர்களிடம் அவர் வையாட்டருவா சுற்றின் பெருமையைச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்களும் ஓடலாம், வாருங்கள் என்றார்.

அந்தக் காலத்தின் மருத்துவப் பின்னணி தெரிந்தால்தான் இது எவ்வளவு துணிச்சலான பேச்சு என்று புரியும். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் வழக்கம். 1952-இல் சாமுவேல் லெவைன் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் படுக்கவைக்காமல் நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே புரட்சியாகப் பார்க்கப்பட்டது. மறுஆண்டு லண்டனில் ஜெரி மோரிஸ், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பஸ் ஓட்டுநர்களையும் மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு, நடத்துனர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டினார். அறிவியல் அந்த அளவில்தான் இருந்தது. உட்காரலாமா என்பதே விவாதமாக இருந்த காலத்தில், மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத காலணித் தொழிலாளி ஒருவர் ஓடலாம் என்று சொன்னார்.

நல்ல வேளையாக, அவர் சொன்ன ஓட்டம் யாரையும் கொல்லும் ஓட்டமாக இல்லை. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம், உடனே குறைக்க வேண்டும். வருத்திக்கொள்ளாமல் பயிற்சி செய் என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது. 1962 வாக்கில், முன்னாள் தடகள வீரரும் பிற்காலத்தில் ஆக்லாந்து மேயராக இருந்தவருமான காலின் கேயோடு சேர்ந்து ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். பந்தயமே நடத்தாத ஓட்டச் சங்கம். அன்றைக்கு அது விசித்திரமான யோசனை.

1962 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்துக்கு வந்தார். நான்கு பேர் ஆளுக்கு ஒரு மைல் ஓடும் தொடரோட்டத்தில் நியூசிலாந்தின் உலகச் சாதனையை அவருடைய மாணவர்கள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் முறியடித்திருந்தார்கள்; அவர்களைப் போட்டிக்கு அழைத்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடப் போகலாம் வாருங்கள் என்று லிடியார்ட் கூப்பிட்டார். பவர்மேனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. போர்க்களம் கண்ட முன்னாள் ராணுவ அதிகாரி. தன்னை வலுவான ஆள் என்று நினைத்திருந்தார். பூங்காவில் ஆணும் பெண்ணும் கிழவரும் இளைஞருமாகக் கூட்டம் கிளம்பியது. அரை மைலுக்குள் பவர்மேனுக்கு மூச்சு முட்டியது. கூட்டம் முன்னே போய்விட்டது. எழுபதைத் தாண்டிய, மூன்று முறை மாரடைப்பு கண்ட ஒரு முதியவர் மட்டும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு வந்தார். வந்தவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார் என்பதுதான் வேடிக்கை. பதில் சொல்லப் பவர்மேனிடம் மூச்சு இல்லை.

லிடியார்டின் டோலன் கதையும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதைப் பாருங்கள். இரண்டு பேருமே தடகளத்தில் ஊறியவர்கள்; இரண்டு பேரையுமே தங்களைவிட மூத்த ஒருவர் சிரமமில்லாமல் ஓடிக் காட்டித் திருத்தினார். பெரியவர்களுக்கு அறிவுரை ஏறாது. தன்னைவிடப் பத்து வயது மூத்தவர் முன்னால் ஓடிப் போவதைப் பார்த்தால் ஏறும்.

பவர்மேன் சில வாரங்கள் அங்கேயே தங்கி நாள்தோறும் ஓடினார். இடுப்புச் சுற்றளவு குறைந்து ஊர் திரும்பினார். 1963-இன் தொடக்கத்தில், தன் பல்கலைக்கழகம் இருந்த யூஜீன் நகரில் பொதுமக்களை ஓட அழைத்தார். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது. யாராவது மைதானத்திலேயே விழுந்து இறந்துவிடுவார்களோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. வால்டோ ஹாரிஸ் என்ற இதயநோய் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு, நடுவயதினருக்கான படிப்படியான திட்டத்தை வகுத்து, ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே அதை 1967-இல் நூலாக வெளியிட்டார். அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் ஜாகிங் அலைக்கு அது ஒரு பெரிய தொடக்கம். லிடியார்ட் பற்றவைத்தவர் என்றால், தீ பரவுவதற்கு முன் வேலி கட்டியவர் பவர்மேன். எனக்கு இரண்டாமவர் மேல் மதிப்பு சற்றுக் கூடுதல் என்றுகூடச் சொல்வேன். ஊக்கம் கொடுக்கப் பலரால் முடியும். மருத்துவரைக் கூப்பிட்டு நிறுத்தி யோசிக்கும் பயிற்சியாளர்கள் அரிது.

இனி, இந்த முறை ஏன் சமூகங்களை உருவாக்கியது என்பதற்கு வருகிறேன். லிடியார்டின் ஆளுமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் அப்படியொன்றும் இனிக்க இனிக்கப் பேசுபவர் அல்லர். முகத்துக்கு நேரே பேசுவார். தடகள அதிகாரிகளோடு காலமெல்லாம் மல்லுக்கு நின்றவர். அவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் அவர் குறித்துக் கொடுத்த வேகம் என்பது என் கருத்து. பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்று விதித்துவிட்டால், ஓடுபவர்கள் பேசித்தானே ஆக வேண்டும்? வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓடினால் அவருடைய முழங்கால் வலி, மகளின் கல்யாணம், அலுவலகச் சண்டை எல்லாம் தெரிந்துவிடும். மூச்சிரைக்க ஓடும் குழுவில் பத்து ஆண்டுகள் சேர்ந்து ஓடினாலும் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு. தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து ஓடச் சொன்னார். பதினைந்து நிமிடம் நேராக ஓடு; திரும்பு; புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர். திரும்பி வர இருபது நிமிடம் ஆனால், போகும்போது வேகம் அதிகமாக இருந்தது என்று அர்த்தம், நாளைக்குக் குறைத்துக்கொள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கத்த வேண்டியதில்லை, பாதையே கணக்குச் சொல்லிவிடும். குழுவுக்கு இதில் வேறொரு லாபமும் இருக்கிறது. வேகமாக ஓடுபவர் தொலைவாகப் போய்த் திரும்புவார். மெதுவாக ஓடுபவர் பாதி வழியில் திரும்புவார். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். கடைசியாக வருபவர் என்று ஒருவரே இருக்க மாட்டார். வயது வந்தவர்கள் ஓட்டத்தைக் கைவிடுவதற்கு வலியைவிட வெட்கம்தான் பெரிய காரணம் என்று பார்த்திருக்கிறேன். எல்லாரும் தண்ணீர் குடித்து முடித்த பிறகு, கைதட்டலோடு வரவேற்கப்படும் அந்தக் கடைசி ஆள் அடுத்த வாரம் வர மாட்டார். கைதட்டியவர்கள் நல்ல மனதோடுதான் தட்டினார்கள். அவருக்கு அது காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

தொழில் தெரிந்த கை என்பதால் காலணி விஷயத்திலும் அவர் சொன்னதைக் கேட்கலாம். தன் வீரர்களுக்குத் தானே காலணி செய்து கொடுத்தவர் அவர். பின்னாளில் ஜெர்மனியின் ப்ரூட்டிங் நிறுவனம் அவர் பெயரிலேயே ஓட்டக் காலணிகளைத் தயாரித்தது. கயிறு கட்டும் விதத்தில்கூடக் கருத்து வைத்திருந்தார். பெருக்கல் குறி போலக் குறுக்கே பின்னினால் ஓடும்போது பாதத்தின் மேலெலும்பை அது அழுத்தும். ஏணிப்படி போல நேர்க்கோடுகளாகக் கட்ட வேண்டும் என்பார். மேல்பாதம் வலிக்கிறது என்று புதுக் காலணிக்குக் காசைக் கொட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

இப்போது இரண்டாம் பகுதி: உங்களுக்குப் பொருந்துமா? பொருந்தும், அவருடைய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாத வரைக்கும். வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்பது ஸ்னெலுக்கும் ஹால்பெர்க்குக்கும் சொன்னது. லிடியார்ட் பெயரைச் சொல்லிக்கொண்டு நாற்பத்தைந்து வயதுக்காரர்களை மாதாமாதம் தூரம் கூட்டச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்; விலகி நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு: லிடியார்ட் என்றால் காலமெல்லாம் மெதுவாக ஓடுவது என்று எடுத்துக்கொள்வது. இதைக் கேட்டால் அவருக்கே கோபம் வரும். அவருடைய வீரர்கள் ஓடிய நீண்ட ஓட்டங்கள் நிதானமானவை, ஆனால் சோம்பலானவை அல்ல. அடித்தளத்துக்குப் பிறகு மலையும் வேகமும் கட்டாயம் வந்தன.

நிதானமான ஓட்டம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன. தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகமாகின்றன. ஸ்னெலே ஓட்டத்தை விட்ட பிறகு அமெரிக்காவுக்குப் போய் உடலியலில் முனைவர் பட்டம் வாங்கி, டாலஸில் ஆய்வாளராக இருந்தார். நீண்ட ஓட்டத்தில் மெதுவான தசைநார்களின் சர்க்கரை இருப்பு தீரத் தீர, வேகத் தசைநார்களும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன என்பது அவருடைய விளக்கம். 800 மீட்டர்க்காரனை எதற்கு மலையில் ஓட வைத்தார் என்ற பழைய கேலிக்கு, ஓடியவரே ஆய்வாளராகிப் பதில் சொன்னார்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் வேறு. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில், மூச்சு நன்றாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டும்போதுதான் குதிகால் தசைநாணும் முன்கால் எலும்பும் வலிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஆளை இழுத்துப் பிடிப்பவர்தான் நல்ல பயிற்சியாளர். மார்பில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதயநோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர்களும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பவர்மேனுக்கு இருந்த பயம் உங்கள் குழுவை நடத்துபவருக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கதையில் அவர்கள் பெயர் அதிகம் வருவதில்லை. 1964-இல், அதே ஆக்லாந்தில் மில்லி சாம்ப்சன் மாரத்தானை 3 மணி 19 நிமிடம் 33 வினாடிகளில் ஓடி, பெண்களில் உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதிவு செய்தார். அப்போது ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. அதிகாரிகள் அனுமதி கொடுப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு நகரம் அந்தத் தூரத்துக்குப் பழகியிருந்தது.

லிடியார்ட் 2004 டிசம்பரில், தன் 87-ஆம் வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் ஓட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பயணத்தின்போது டெக்சாஸில் காலமானார். அதற்கு வெகு முன்பே, 1960-களின் இறுதியில் பின்லாந்துக்குப் போய் அங்குள்ள பயிற்சியாளர்களோடு வேலை செய்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் லாஸ்ஸே விரென், பெக்கா வசாலா ஆகியோர் வென்ற தங்கங்களில் அவருடைய பங்கைப் பின்லாந்துக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

உங்களுக்கான திட்டம் சிறியது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் பத்து நிமிடம் போய்ப் பத்து நிமிடம் திரும்புங்கள். ஓட முடியாத இடத்தில் நடங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். திரும்பும் நேரம் போகும் நேரத்தைவிடக் கூடாமல் இரண்டு வாரம் போனால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் சேருங்கள். மூன்று மாதத்துக்கு வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம். தூரம் காட்டும் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான்காவது மாதம் மலையும் வேகமும் எப்படிச் சேர்ப்பது என்று வந்து கேளுங்கள். இப்போதே சொன்னால் அதைத்தான் முதலில் செய்வீர்கள்.